எந்த விமானத்துக்கு எந்தப் புரொப்பெல்லர்?

பெரிய மாடல் விமானம் கட்டுகிறவர்கள் 50 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வாங்கியதும் அனுபவசாலிகளிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு எந்த அளவு புரொப்பெல்லர் போடலாம்?" என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும்: "22×8 போடுங்கள்." பதிலில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் கேள்வியிலும் சரி, பதிலிலும் சரி, அந்த எஞ்சின் எந்த விமானத்தின் மூக்கில் உட்காரப்போகிறது என்ற பேச்சே வரவில்லை. மெதுவாக மிதந்து வரும் பைப்பர் கப் மாடலுக்கும், சீறிப் பாயும் மஸ்டாங் போர்விமான மாடலுக்கும் ஒரே எஞ்சினைப் பொருத்தலாம்; ஒரே புரொப்பெல்லரைப் பொருத்தினால் இரண்டில் ஒன்று நிச்சயம் கெட்டுப்போகும். புரொப்பெல்லரின் அளவை முதலில் தீர்மானிக்க வேண்டியது விமானம் பறக்கவேண்டிய வேகம். எஞ்சின் தாங்கும் சுமைக்குள் அந்த அளவை அடக்குவது அடுத்த வேலை. பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதால்தான் நல்ல எஞ்சின்களும் நல்ல விமானங்களும் சேர்ந்து சுமாராகப் பறக்கின்றன.

பெரிய மாடல் என்று எதைச் சொல்கிறோம்? பெரிய மாடல்களுக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் ஐஎம்ஏஏ என்ற சங்கத்தின் வழக்கப்படி, ஒற்றை இறக்கை விமானமானால் இறக்கையின் குறுக்களவு 80 அங்குலமாவது இருக்கவேண்டும். இரட்டை இறக்கையானால் 60 அங்குலம். இவற்றை இழுப்பவை பெரும்பாலும் 30 முதல் 100 சிசி வரையிலான டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்கள். மரம் அறுக்கும் செயின்சா எஞ்சின்களை மாற்றியமைத்துப் பறக்கவிட்டதில் தொடங்கிய மரபு இது. கியர்பாக்ஸ் கிடையாது, கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே புரொப்பெல்லர் நேராக முடுக்கப்படுகிறது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லரும் ஒரு சுற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றக் கணக்குகள் எளிதாகும். 22×8 என்பதில் முதல் எண் விட்டம்: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 22 அங்குலம். இரண்டாவது எண் பிட்ச்: காற்று வழுக்காத திடப்பொருளாக இருந்தால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது, இங்கே 8 அங்குலம். இந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. அவற்றைக் கலந்துவிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

விட்டத்தின் வேலையை முதலில் பார்ப்போம். ரைட் சகோதரர்கள் 1903-இல் கிட்டி ஹாக்கில் பறந்தபோது அவர்களிடம் இருந்தது சுமார் 12 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மட்டுமே. விமானமும் விமானியும் சேர்ந்து ஏறக்குறைய 340 கிலோ. இவ்வளவு குறைந்த திறனை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களைச் செய்து, எஞ்சினிலிருந்து சங்கிலி வழியாக வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று என்ற மந்த கதியில் சுழலவிட்டது. எஞ்சின் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புரொப்பெல்லர் என்பது சுழலும் இறக்கை என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். எஞ்சின் கொடுத்த திறனில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இழுவிசையாக மாற்றிய புரொப்பெல்லர்கள் அவை. அத்தனை பெரிய புரொப்பெல்லரை அத்தனை மெதுவாகச் சுற்றியதற்கான காரணம் எளிய இயற்பியலில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து விநாடிக்கு 10 கிலோ காற்றை எடுத்து 10 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் 100 நியூட்டன் விசை கிடைக்கும். செலவாகும் திறன் 500 வாட். அதே 100 நியூட்டனை 5 கிலோ காற்றை 20 மீட்டர் வேகத்தில் தள்ளியும் பெறலாம். ஆனால் அதற்கு 1000 வாட் வேண்டும். விசை ஒன்று, செலவு இரு மடங்கு. நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம். நிறையக் காற்றைப் பிடிக்க விட்டம் பெரிதாக இருக்கவேண்டும். ஒரே குதிரைத்திறனை 18 அங்குல வட்டத்தில் செலவிடுவதற்குப் பதில் 22 அங்குல வட்டத்தில் செலவிட்டால், நின்ற நிலையில் இழுவிசை ஏறக்குறைய 14 சதவீதம் கூடவேண்டும் என்கிறது கோட்பாட்டுக் கணக்கு. ஒரு துளி பெட்ரோல்கூட அதிகம் செலவழிக்காமல் கிடைக்கும் 14 சதவீதம்!

அப்படியானால் பொருந்துகிற மிகப் பெரிய விட்டத்தை மாட்டிவிட்டால் போதாதா? போதாது, பிட்ச் என்ற இரண்டாவது எண் குறுக்கே வருகிறது. நிமிடச் சுற்றுகளைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி 656-ஆல் வகுத்தால், அந்தப் புரொப்பெல்லர் வழுக்காமல் முன்னேறினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்பது கிடைக்கும். இதைப் பிட்ச் வேகம் என்பார்கள். 8 அங்குலப் பிட்ச் 7300 சுற்றில் 89 கிலோமீட்டர். விமானம் அந்த வேகத்தை நெருங்க நெருங்கப் பிளேடுகளின் பிடி தளர்ந்து, இழுவிசை சுருங்கிக்கொண்டே வந்து, அந்த எல்லையை ஒட்டி அனேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். எஞ்சினில் எவ்வளவு குதிரைத்திறன் மிச்சமிருந்தாலும் நேர்மட்டமாகப் பறக்கும்போது அதைத் தாண்டி ஓட வழியில்லை. கியர் மாற்ற முடியாமல் ஒரே கியரில் ஊர் போய்ச் சேரவேண்டிய லாரியின் நிலைமைதான் இது: சிறிய பிட்ச் என்றால் மேட்டில் ஏறும், நெடுஞ்சாலையில் திணறும்; பெரிய பிட்ச் என்றால் ஓட்டம் நன்றாக இருக்கும், கிளம்புவது கடினம்.

இந்த உண்மையை மாடல்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பெரிய விமானங்கள் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டதுதான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் முதலில் படையில் சேர்ந்தபோது அதன் மூக்கில் இருந்தது, இரண்டே பிளேடுகள் கொண்ட, பிட்ச் மாற்ற முடியாத மரப் புரொப்பெல்லர். உச்ச வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த பெரிய பிட்ச் என்பதால் ஓடுபாதையில் அது திணறியது. தரையை விட்டு எழ ஏறக்குறைய 380 மீட்டர் ஓடவேண்டியிருந்தது. பறக்கும்போதே பிட்ச்சைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் மூன்று பிளேடு புரொப்பெல்லரைப் பொருத்திச் சோதித்தபோது அந்த ஓட்டம் 200 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. உச்ச வேகத்தில் பெரிய லாபம் ஏதும் இல்லை. எஞ்சினோ அதே மெர்லின் வகைதான். 1940 கோடையில், போர் உச்சத்தில் இருந்தபோதும், படைத்தளங்களுக்கே பணியாளர்களை அனுப்பி இந்த மாற்றத்தைச் செய்துமுடித்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். மாடல்காரரின் புரொப்பெல்லரோ அந்தப் பழைய மரப் புரொப்பெல்லரைப் போலப் பிட்ச் மாறாதது. ஆகவே எந்த வேகத்தில் நன்றாக இருக்கவேண்டும், எந்த வேகத்தில் சுமாராக இருந்தால் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வதைத் தவிர அவருக்கு வழி கிடையாது. அந்த முடிவை எஞ்சின் எடுக்க முடியாது.

எஞ்சினுக்கு என்ன பங்கு என்றால், சுமையின் அளவைச் சொல்வது. ஒரு புரொப்பெல்லரைச் சுற்றத் தேவைப்படும் திறன், தோராயமாக விட்டத்தின் நான்காம் அடுக்கோடும் பிட்ச்சோடும் சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கோடும் சேர்ந்து கூடுகிறது. சுற்று வேகத்தை ஒதுக்கிவைத்து, விட்டத்தை நான்கு முறை பெருக்கிப் பிட்ச்சால் பெருக்கினால், அளவுகளை ஒப்பிட ஒரு சுமை எண் கிடைத்துவிடும். 22×8-க்கு அந்த எண் 18.7 லட்சம். 21×10-க்கு 19.4 லட்சம். 20×12-க்கு 19.2 லட்சம். மூன்றும் ஏறக்குறைய ஒன்று! எஞ்சினின் பார்வையில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் 4 சதவீதத்துக்குள்தான். சுற்று வேகத்தில் அது நூறு ஆர்பிஎம் அளவே. ஆனால் விமானத்தின் பார்வையில் இவை மூன்று வெவ்வேறு கருவிகள். 7300 சுற்றில் முதலாவதன் பிட்ச் வேகம் 89 கிலோமீட்டர், அடுத்தது 111, மூன்றாவது 134. இந்த அளவு வட்டாரத்தில் ஓர் அங்குல விட்டத்தை விட்டுக்கொடுத்தால் இரண்டு அங்குலப் பிட்ச் கிடைக்கும் என்ற கைக்கணக்கு இதிலிருந்து வருகிறது. "இந்த எஞ்சினுக்கு எந்தப் புரொப்பெல்லர்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டு விமானங்களை எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். முதலாவது, பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் மூன்றில் ஒரு பங்கு மாடல். அசலின் இறக்கை 10.7 மீட்டர், மாடலுக்கு 3.6 மீட்டர் அளவில் வரும். இறக்கைப் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். எடை 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால்தான் இறக்கை தூக்குவதைக் கைவிடும். பிட்ச் வேகம் இந்தக் குறைந்தபட்ச வேகத்தைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை இருக்கட்டும் என்பது மாடல்காரர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் விதி. அப்படிப் பார்த்தால் இதற்குத் தேவை 75 முதல் 90 கிலோமீட்டர். 22×8 அந்த எல்லையின் மேல் விளிம்பிலேயே வந்துவிடுகிறது. இதற்கு மேல் பிட்ச்சைக் கூட்டுவதில் ஒரு லாபமும் இல்லை. தாங்குகம்பிகளும் திறந்த சக்கரங்களும் பருத்த இறக்கையுமாக இருக்கும் கப், காற்றின் தடையாலேயே அந்த வேகத்தை எட்டாது. போகவேண்டிய திசை மறுபக்கம்: விட்டத்தைக் கூட்டிப் பிட்ச்சைக் குறைப்பது. 23×7-இன் சுமை எண் 19.6 லட்சம், பிட்ச் வேகம் 78 கிலோமீட்டர். அந்த அளவு கையில் கிடைக்குமானால் கப்புக்கு அதுவே உகந்தது என்பேன். அசல் கப்பில் பொதுவாகப் பொருத்தப்பட்ட புரொப்பெல்லரின் விட்டம் 72 அங்குலம். மூன்றால் வகுத்தால் 24. மாடலின் கணக்கும் அசலின் கணக்கும் இவ்வளவு அருகில் வருவது தற்செயல் இல்லை. அசலிலும் கியர்பாக்ஸ் இல்லை, அதுவும் மெதுவாகப் பறப்பதற்கென்றே கட்டிய விமானம்.

இரண்டாவது, பி-51டி மஸ்டாங்கின் ஐந்தில் ஒரு பங்கு மாடல். இறக்கை 2.26 மீட்டர், பரப்பு 0.87 சதுர மீட்டர் அளவு, எடை 11 கிலோ என்று கொள்வோம். இதன் குறைந்தபட்ச வேகம் 45 கிலோமீட்டர் வாக்கில் வரும். பிட்ச் வேகம் 112 முதல் 135 வரை இருக்கவேண்டும். 22×8 போட்டால் 89-லேயே முட்டி நின்றுவிடும். விமானம் கிளம்பும், ஏறும், பிறகு மஸ்டாங்குக்கே உரிய அந்தப் பாய்ச்சல் வராமல் ஏதோ இழுத்துக்கட்டியதுபோலச் சுற்றிவரும். எஞ்சின் கூச்சலிடும், வேகம் கூடாது. "எஞ்சினில் சக்தி போதவில்லை" என்று சொல்லிப் பெரிய எஞ்சின் தேடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது 21×10 அல்லது 20×12 தான். இங்கே அசலின் அளவைப் பார்த்து நகல் எடுக்க முடியாது என்பதையும் கவனிக்கவேண்டும். அசல் மஸ்டாங்கின் புரொப்பெல்லர் 11 அடி 2 அங்குலம். ஐந்தால் வகுத்தால் 27 அங்குலத்தை நெருங்குகிறது. அசலில் மெர்லின் எஞ்சின் 3000 சுற்று சுற்றும்போது, இடையில் இருந்த கியர் அதைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுத்தது. அந்த வசதி இல்லாத மாடலில் 27 அங்குலத்தை மாட்டினால் 50 சிசி எஞ்சின் மூச்சுத் திணறிப்போகும்.

இதற்கு வழக்கமாக வரும் முதல் மறுப்பு தராசிலிருந்து வருகிறது. விமானத்தின் வாலில் ஸ்பிரிங் தராசைக் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, எது அதிக கிலோ இழுக்கிறதோ அதுவே நல்ல புரொப்பெல்லர் என்பார்கள். கண்ணால் காணும் எண் என்பதால் இந்தச் சோதனைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் அது அளப்பது விமானம் நிற்கும்போது உள்ள இழுவையை. நின்ற நிலையில் பெரிய விட்டமும் சிறிய பிட்ச்சும் எப்போதும் ஜெயிக்கும். அது மேலே பார்த்த இயற்பியலின் விளைவு. பிட்ச், விட்டத்தில் பாதியைத் தாண்டி முக்கால் பங்கை நெருங்கினால் நின்ற நிலையில் பிளேடுகளின் பெரும்பகுதி காற்றைச் சரியாக வெட்டாமல் கலக்கிக்கொண்டிருக்கும். தராசு குறைவாகக் காட்டும். விமானம் ஓடத் தொடங்கியதும் அதே பிளேடுகள் காற்றைப் பிடித்துக்கொள்ளும். தராசில் தோற்ற 20×12, நூறு கிலோமீட்டர் வேகத்தில் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும். தராசில் ஜெயித்த 22×8-க்கு அந்த வேகத்தில் இழுக்க எதுவுமே மிச்சமிருக்காது. செங்குத்தாக ஏறி, மூக்கை வானத்துக்குக் காட்டி அந்தரத்தில் தொங்கும் வித்தை விமானங்களுக்குத் தராசுச் சோதனை நூற்றுக்கு நூறு பொருத்தம், ஏனென்றால் அவை உண்மையிலேயே ஏறக்குறைய நின்றுகொண்டுதான் பறக்கின்றன. எக்ஸ்ட்ரா 300 போன்ற மாடல்களுக்கு 22×8-உம் 23×8-உம் பேர் வாங்கிக் கொடுத்தது அதனால்தான். அந்தப் பேர் மற்ற விமானங்களுக்கும் பரவியதுதான் வினை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. எஞ்சின் தயாரிப்பாளரே புரொப்பெல்லர் பட்டியல் தருகிறாரே, அதை மீறிக் கணக்குப் போட நாம் யார்? பட்டியலை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது எதற்காகத் தரப்படுகிறது என்று பார்க்கவேண்டும். தன் எஞ்சின் கெடாமல் இருக்கவேண்டும் என்பதே தயாரிப்பாளரின் கவலை; அதை வாங்குகிறவர் கப் கட்டுகிறாரா மஸ்டாங் கட்டுகிறாரா என்பது அவருக்குத் தெரியாது. 50 சிசி வகைக்கான பட்டியல்களில் 22×8, 22×10, 23×8 ஆகிய மூன்றும் அனேகமாக இடம்பெறும். சுமை எண்ணில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் 25 சதவீத வித்தியாசம் இருக்கிறது. ஆகப் பட்டியல் வேலி போடுகிறது. வேலிக்குள் எங்கே நிற்பது என்பதை விமானம்தான் சொல்லவேண்டும். வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சுமை கூடினால் எஞ்சின் தன் உச்சத்திறன் தரும் சுற்று வேகத்தை எட்டாது. இந்த வகை எஞ்சின்கள் பலவற்றின் உச்சம் 7500 சுற்றை ஒட்டி இருக்கிறது. அதை 6000-லேயே அழுத்திப் பிடித்தால் பெட்டியில் அச்சடித்த குதிரைத்திறனின் ஒரு பகுதி வெளியே வரவே வராது. முக்கிக்கொண்டு ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறும், உள்ளே கரி படியும். சுமை குறைந்தாலோ சுற்று வேகம் எல்லை மீறிப் பேரிங்குகளும் கனெக்டிங் ராடும் தேயும், அதிர்வு விமானத்தின் சட்டத்தையே உலுக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தரையில் 7000 சுற்று காட்டிய எஞ்சின், விமானம் வேகமெடுத்ததும் சுமை இளகிச் சில நூறு சுற்று கூடுதலாக ஓடும். ஆகவே தரையிலேயே உச்சத்திறன் சுற்றைத் தொட்டுவிடும் புரொப்பெல்லர், வானத்தில் அதைத் தாண்டிவிடும். தரையில் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவே சரியானது. வேகமாகப் பறக்கும் மஸ்டாங்குக்கு இந்த இளக்கம் அதிகம், கப்புக்குக் குறைவு. எனவே "தரையில் இத்தனை ஆர்பிஎம் வரவேண்டும்" என்ற ஒற்றை எண்கூட எல்லா விமானத்துக்கும் பொருந்தாது. சைலன்சரை மாற்றினாலும் கணக்கு மாறும். எஞ்சினின் அலைக்கு இசைவாக நீளம் வெட்டிய டியூன்டு பைப் போட்டால் உச்சத்திறன் வேறொரு சுற்று வேகத்துக்கு நகரும். பழைய புரொப்பெல்லரோடு அதை ஓட்டிவிட்டு, பைப்பில் பயன் இல்லை என்று முடிவுகட்டுவது அவசரத் தீர்ப்பு.

மூன்றாவது மறுப்பு கணக்கையே கேள்வி கேட்கிறது: பிளேடின் அகலம், தடிமன், முனையின் வடிவம் எதுவுமே அந்தச் சுமை எண்ணில் இல்லையே? உண்மைதான். பீச் மரத்தில் செதுக்கிய 22×8-உம், கார்பன் ஃபைபரில் வார்த்த 22×8-உம், ஏபிசி நிறுவனத்தின் கலவை நைலானில் வந்த 22×8-உம் ஒரே எஞ்சினில் வெவ்வேறு சுற்று காட்டும். பிட்ச்சை அளக்கும் முறையிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் இருக்கிறது. சுமை எண் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் அளவுகளை ஒப்பிட மட்டுமே பயன்படும்; இறுதித் தீர்ப்பு டேக்கோமீட்டருடையது. சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கருவி, பிளேடு மறைத்து மறைத்து விடும் ஒளியை எண்ணிச் சுற்று வேகத்தைக் காட்டுகிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் பொருத்திய டியூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்கும். டேக்கோமீட்டரை இரண்டு பிளேடு என்று அமைத்து அந்த விளக்கை நோக்கிப் பிடித்தால் 3000 என்று காட்டவேண்டும். எலக்ட்ரானிக் சோக் போட்ட விளக்கும் எல்இடி விளக்கும் இதற்கு உதவாது. பல ஆயிரம் கொடுத்து எஞ்சின் வாங்குகிறவர்கள் இந்தச் சிறு கருவியை வாங்கத் தயங்குவது வருத்தமாக இருக்கிறது; அது இல்லாமல் புரொப்பெல்லரை மாற்றிப் பார்ப்பது இருட்டில் துழாவுவதே.

விட்டத்துக்குத் தரையும் ஓர் எல்லை போடுகிறது. புல்தரையில் இறங்கும் விமானம் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினாலும் புரொப்பெல்லர் மண்ணில் இடிக்காத உயரம் வேண்டும். இந்த இடையூறைப் பெரிய விமானப் பொறியாளர்கள் எவ்வளவு பொருட்படுத்தினார்கள் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் கோர்செயர் சாட்சி. 1940-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்கு 13 அடி 4 அங்குலப் புரொப்பெல்லர். அதற்காகச் சக்கரக் கால்களை நீட்டினால் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்காது. ஆகவே இறக்கையையே கீழ்நோக்கி வளைத்து, வளைவின் அடியில் குட்டையான கால்களைப் பொருத்தினார்கள். இறக்கையை வளைத்தார்களே தவிர, விட்டத்தைக் குறைக்கவில்லை. மாடல்காரருக்கு அந்த உரிமை கிடையாது. அவருக்கு உள்ள வழி மூன்று பிளேடு. சுமை மாறாமல் இருக்க விட்டத்தில் ஓர் அங்குலமோ இரண்டோ குறைத்துக்கொண்டு மூன்றாவது பிளேடைச் சேர்க்கலாம். மூன்று பிளேடு வீண் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கொஞ்சம் திறன் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தரையில் இடித்து உடையும் இரண்டு பிளேடைவிட அது மேல். தோற்றமும் போர்விமானத்துக்குப் பொருந்தும், இரைச்சலும் குறையும்.

இரைச்சல் சாதாரண விஷயம் இல்லை. 22 அங்குலப் புரொப்பெல்லர் 7300 சுற்றில் சுழலும்போது அதன் முனை விநாடிக்கு 214 மீட்டர் போகிறது. மணிக்கு 770 கிலோமீட்டர். ஒலியின் வேகத்தில் அது பாதிக்கும் மேல். முனை வேகம் ஏற ஏற இரைச்சல் செங்குத்தாகக் கூடும், திறனும் வீணாகும். பறக்கும் திடல்கள் பல உலகெங்கும் மூடப்பட்டதற்கு அக்கம்பக்கத்தாரின் புகார்தான் காரணம். பிரிட்டனில் 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபல் என்று வரம்பே வகுத்திருக்கிறார்கள். இரைச்சலோடு ஆபத்தும் உண்டு: முனையின் அந்த வேகத்தில் பிளேடு கழன்றாலோ பிளந்தாலோ அதன் பாதையில் நிற்பவர் பிழைப்பது அரிது. அதனால்தான் அமெரிக்க மாடல் விமானச் சங்கம் உலோகப் பிளேடுகளை அறவே தடை செய்திருக்கிறது. கீறல் விழுந்த புரொப்பெல்லரைத் தேய்த்துச் சரிசெய்து மாட்டுவதை எந்தச் சிக்கனத்தின் பேராலும் ஏற்க முடியாது. ஓடும் எஞ்சினுக்குப் பக்கவாட்டில், சுழலும் தளத்துக்கு நேராக, யாரும் நிற்கக்கூடாது. குறிப்பாக வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள்.

ஊருக்கு ஊர் காற்றும் மாறுகிறது. ஊட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே எஞ்சின் சுவாசிப்பதும் மெல்லிய காற்று, புரொப்பெல்லர் வெட்டுவதும் மெல்லிய காற்று. திறனும் சுமையும் சேர்ந்தே குறைவதால் டேக்கோமீட்டர் சென்னையில் காட்டிய எண்ணையே கிட்டத்தட்ட அங்கும் காட்டும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது. இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, தரையை விட்டு எழத் தேவையான வேகமோ 12 சதவீதம் கூடிவிட்டது. பெரிய விட்டத்தை மாட்டி இழந்ததை மீட்கலாம் என்றால், பலவீனப்பட்ட எஞ்சின் அந்தக் கூடுதல் சுமையை ஏற்காது. எடையைக் குறைப்பதும் நீண்ட ஓடுபாதையைத் தேடுவதுமே அங்கே வழி. சமவெளியில் 40 டிகிரி மே மாத மதியத்திலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. 20 டிகிரிக் காலையோடு ஒப்பிட்டால் 6 சதவீதம் அடர்த்தி குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு கடைசிச் சோதனை பறக்கவிடுவதுதான். ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில், சுமை எண் நெருங்கிய இரண்டு அளவுகளை வாங்கிக்கொள்வது நல்ல முதலீடு. மஸ்டாங் என்றால் 21×10, 20×12. ஒரே நாளில், ஒரே காற்றில், ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் பறக்கவிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தரையில் எஞ்சின் தன் எல்லைக்குள் ஓடி, விமானம் எளிதாக எழுந்து, நேர்மட்டத்தில் மட்டும் வேகம் கூடாமல் எஞ்சின் கூச்சலிட்டால் விட்டத்தில் ஓர் அங்குலம் இறங்கிப் பிட்ச்சில் இரண்டு ஏறவேண்டும். ஓடுபாதையில் தயங்கி, ஏற்றத்தில் சோர்ந்து, வேகம் பிடித்தபின் மட்டும் நன்றாகப் போனால் எதிர்த்திசையில் நகரவேண்டும். இரண்டிலும் சோர்ந்து, இறங்கியதும் எஞ்சின் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தால் விட்டம், பிட்ச் இரண்டில் ஒன்றை மட்டும் குறைத்து மறுபடி டேக்கோமீட்டரைப் பிடித்துப் பார்க்கவேண்டும்.